மலைப்பாதையில் எஞ்சின் சூடும் வண்டியின் முகமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கோடை சீசன் முடிந்து, மேட்டுப்பாளையம் சாலையில் வண்டிகளின் வரிசை குறைந்த பிறகுதான் இந்தப் பகுதிக்கு வந்திருந்த கடிதங்களை நிதானமாகப் படிக்க முடிந்தது. பர்லியாரில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவர்கள் அத்தனை பேரும் எனக்கு எழுதிவிட்டார்களோ என்று ஐயுறும் அளவுக்கு, இம்முறை எஞ்சின் சூட்டைப் பற்றிய கேள்விகளே மிகுதி. ஆகவே டயர், காப்பீடு பற்றிய கடிதங்களை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகள் வைத்திருந்த எங்கள் பழைய காரின் முகம் முழுவதும் கிரில்தான். ஒரு கோடையில்கூட அது எங்களை மலைப்பாதையில் நிறுத்தியதில்லை. இப்போதுள்ள காரின் முகம் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. பம்பருக்குக் கீழே ஒரு சிறிய வாய் மட்டும் உண்டு. மே மாதத்தில் கல்லாறு தாண்டி நான்கைந்து வளைவுகள் ஏறியதும் டெம்பரேச்சர் முள் நடுவைவிட்டு மேலே போகிறது. காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்காக எஞ்சினுக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்துவிட்டார்களா? - வாசகர், காரமடை

பதில்: உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் நீங்கள் சந்தேகப்படும் ஆள் குற்றவாளி இல்லை என்றே நினைக்கிறேன். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெட்ரோலோ டீசலோ எரிந்து தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் புகையோடு போய்விடுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை, எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு வந்து ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவே எஞ்சின் எவ்வளவு வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு வெப்பத்தை ரேடியேட்டர் வெளியேற்றியாக வேண்டும் என்று ஒரு மனக்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆட்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார், அவிநாசி சாலை போன்ற சமதளத்தில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஓடுவதற்குச் சுமார் 13 கிலோவாட் திறன் தேவை. அதே கார், நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஏறச் சுமார் 9 கிலோவாட் போதும். சமதளத்தில்தான் அதிக வெப்பம் உண்டாகிறது என்பதைக் கவனியுங்கள். ஆனாலும் அங்கே முள் அசைவதில்லை. காரணம், வண்டியின் முகத்தில் காற்று மோதித் தரும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது, 100 கி.மீ. வேகத்தில் கிடைப்பதில் பதினொன்றில் ஒரு பங்கு அழுத்தமே 30 கி.மீ. வேகத்தில் கிடைக்கும். வெப்பம் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது. அதை அள்ளிக்கொண்டு போக வேண்டிய காற்றின் தள்ளல் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. சீசன் நாட்களில் முன்னால் போகும் பேருந்தின் பின்புறத்தைப் பார்த்தபடி 10 கி.மீ. வேகத்தில் ஊர்கிறீர்கள் என்றால் அந்தத் தள்ளல் நூற்றில் ஒரு பங்காகிவிடும். அந்த நிலையில் முகத்தில் இருக்கும் ஓட்டை ஒரு சாண் அகலமா ஒரு முழம் அகலமா என்பது அவ்வளவு முக்கியமில்லை. ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் ஃபேன்தான் முழு வேலையையும் செய்கிறது.

இனி முகத்தை ஏன் மூடினார்கள் என்பதற்கு வருகிறேன். ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று சும்மா நுழைந்து சும்மா வெளியேறுவதில்லை. நெருக்கமான தகடுகளுக்கு இடையே உராய்ந்து வேகத்தை இழந்து, எஞ்சின் அறைக்குள் முட்டி மோதி, கடைசியில் வண்டியின் அடிப்புறத்தில் தாறுமாறாக வெளியேறுகிறது. அது இழந்த வேகத்தின் விலையை எஞ்சின்தான் கட்டுகிறது. ஒரு காரின் மொத்தக் காற்றிழுவையில், அதாவது காற்று வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசையில், சுமார் 5 முதல் 10 விழுக்காடு வரை இப்படிக் குளிர்விப்புக்காகவே செலவாகிறது. சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் ஓடும்போது எஞ்சினின் உழைப்பில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளவே போவதால், இந்தச் சில விழுக்காட்டை மிச்சப்படுத்த வடிவமைப்பாளர்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

பழைய கார்களின் முகம் நிறைந்த கிரில் உண்மையில் ஊதாரித்தனம். அதன் வழியே வந்த காற்றில் ஒரு பகுதி ரேடியேட்டரைத் தொடாமலே பக்கவாட்டு இடைவெளிகளில் நழுவிப் போனது. புதிய வண்டியில் வாய் சிறியதாக இருந்தாலும், வாயிலிருந்து ரேடியேட்டர் வரை புனல் போல விரியும் ஒரு குழாய்ப்பாதை அமைந்திருக்கும். நுழையும் காற்று விரிந்து, வேகம் தணிந்து, அழுத்தம் கூடி, ரேடியேட்டரின் முழுப் பரப்பிலும் பரவி ஊடுருவும். காற்று மெதுவாக ஊடுருவினால் இழப்பும் குறைவு. இந்த உத்தியை விமானக்காரர்கள்தாம் முதலில் நன்கு புரிந்துகொண்டார்கள். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய மெரிடித் என்பவர், 1930களின் நடுவில், குழாய்ப்பாதையைச் சரியாக விரித்து, ரேடியேட்டரில் சூடேறிய காற்றைப் பின்புறம் குவித்து வெளியேற்றினால், குளிர்விப்பால் வரும் இழுவையின் பெரும்பகுதியைத் திரும்பப் பெறலாம் என்று காட்டினார். இரண்டாம் உலகப்போரின் மஸ்டாங் போர்விமானத்தின் வயிற்றுக்கடியில் தொங்கும் அந்தத் தொட்டில் போன்ற பகுதி இந்தத் தத்துவத்தில் அமைந்ததுதான். கார் ஓடும் வேகத்தில் உந்துவிசை ஏதும் திரும்பக் கிடைக்காது; ஆனால் சிறிய வாய், விரியும் பாதை, ஒழுகாத ஓரங்கள், வெளியேற ஒழுங்கான வழி என்ற நான்கும் காருக்கும் பொருந்தும்.

இந்த நான்கில் மூன்றாவதுதான் உங்கள் வண்டியில் கெட்டிருக்கும் என்பது என் ஊகம். ஊகத்துக்குக் காரணம் சொந்த அனுபவம். ஈராண்டுக்கு முன் கோத்தகிரிக்கு அருகே இரவில் ஒரு காட்டெருமை என் காரின் பம்பரை உரசிவிட்டுப் போனது. கீழே சமவெளியில் ஒரு பட்டறையில் விட்டுப் புதுப் பம்பர் மாட்டினேன். பளபளவென்று வந்தது. ஆனால் அடுத்த வாரமே குஞ்சப்பனை ஏற்றத்தில் முள் ஏறத் தொடங்கிற்று. கூலன்ட் குறையவில்லை, ஃபேன் சுழன்றது, தெர்மோஸ்டாட்டும் சரியாகவே இருந்தது. பட்டறையில் சொன்னதற்கு, மலையென்றால் சூடாகத்தான் செய்யும் என்று பதில் வந்தது. வீட்டில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் சுழல்வதற்காக ஏ.சி.யையும் போட்டுவிட்டு, செய்தித்தாளின் ஒரு தாளைக் கிரில் வழியே, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏ.சி. கண்டென்சருக்கு (ஏ.சி.யின் சூட்டை வெளியேற்றும் தகட்டுக்கு) முன்னால் நீட்டினேன். காற்று இழுத்ததில் தாள் சப்பென்று ஒட்டிக்கொண்டது. பிறகு அதே தாளில் ஒரு விரல் அகலத் துண்டைக் கிழித்து, ரேடியேட்டரின் வலது ஓரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பிடித்தேன். துண்டு உள்ளே இழுபடாமல் என் முகத்தை நோக்கிப் படபடத்தது. வெதுவெதுப்பான காற்று கையில் பட்டது. ரேடியேட்டரைக் கடந்து சூடான காற்று, ஓர இடைவெளி வழியாக முன்புறம் திரும்பி வந்து, மறுபடியும் ரேடியேட்டருக்குள்ளேயே நுழைந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியை அடைத்திருக்க வேண்டிய இரண்டு விரல் அகலக் கறுப்பு ஸ்பாஞ்சுப் பட்டையைப் பம்பர் மாற்றியவர்கள் திரும்ப ஒட்டவில்லை. வேகமாக ஓடும்போது இந்த இடைவெளி வெறும் காற்றிழப்புதான். மெதுவாக ஏறும்போது அதுவே சூட்டைச் சுற்றிச் சுற்றி வரவைக்கும் வழி. பழைய ஃபோம் பாயில் இரண்டு பட்டைகள் வெட்டி அடைத்த பிறகு அதே ஏற்றத்தில் முள் நடுவிலேயே நின்றது.

நீங்களும் இந்தத் தாள் சோதனையைச் செய்து பாருங்கள். விரலும் சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறிய வாயின் முன்னால் கூடுதலாக மஞ்சள் விளக்கோ, குரோமியம் வலையோ, கட்சிப் பெயர்ப்பலகையோ மாட்டியிருந்தால் அதை முதலில் கழற்றிவிடுங்கள். பெரிய கிரிலில் நாலு விரல் மறைந்தால் தெரியாது. வாயே ஒரு சாண்தான் என்றால் நாலு விரல் மூன்றில் ஒரு பங்கு அல்லவா? கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சருகும் பூச்சியும் அடைந்திருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஊட்டியில் சோறு வேகத் தாமதமாகிறது, தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. காற்றும் மெலிந்துவிடுகிறது. அப்படியானால் மேலே ஏற ஏற எஞ்சின் அதிகமாகத்தானே சூடாக வேண்டும்? என் அனுபவத்தில் குன்னூருக்கு மேல் வண்டி அமைதியாகிவிடுகிறதே, எப்படி? - வாசகி, உதகமண்டலம்

பதில்: 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரம் அன்று. அது உங்கள் சமையலறைக் குக்கரைப் போன்றது. அதன் மூடி, வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய ஒரு மடங்கு கூடுதல் அழுத்தத்தை உள்ளே தேக்கிவைக்கிறது. இதனால் கொதிநிலை கடலோரத்தில் சுமார் 122 டிகிரியாகவும், ஊட்டியில் சுமார் 118 டிகிரியாகவும் இருக்கும். வெறும் தண்ணீருக்கே இது. கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி உயரும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். ஏற்றத்தில் கொதித்து நிற்கும் பல வண்டிகளின் நோய் சில நூறு ரூபாய் மூடியில்தான் இருக்கிறது. சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது என்பதற்கும் இதுவே காரணம்: திறந்த கணமே அழுத்தம் விழுந்து, 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த நீர் முழுவதும் ஒரே மூச்சில் கொதித்து முகத்தில் பாயும்.

காற்று மெலிவதைப் பற்றிய உங்கள் கேள்வி நுட்பமானது. மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அதே ஃபேன் அள்ளும் காற்றின் எடையும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், கூலன்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் பொறுத்தது. கூலன்ட் 95 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். கீழே 35 டிகிரி வெயிலில் வேறுபாடு 60, மேலே 15 டிகிரிக் குளிரில் வேறுபாடு 80. ஒரு கையால் இழந்ததை மறுகையால் கூடுதலாகவே பெற்றுவிடுகிறோம். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினாக இருந்தால், காற்று மெலிவதால் அதன் உச்சத் திறனும் குறைந்து, அதனால் உண்டாக்க முடிகிற வெப்பமும் குறைகிறது. ஆகவே இந்த மலைகளில் ஆபத்தான பகுதி உச்சி அன்று. கல்லாறு முதல் பர்லியார் தாண்டும் வரை உள்ள, வெயிலும் ஏற்றமும் ஒன்றாகச் சேரும் அடிவாரம்தான்.

மற்றொரு செய்தி. தலைக்குந்தா பக்கம் டிசம்பர், ஜனவரியில் புல்வெளி வெண்மையாக உறையும் காலையில் தெருவில் நிறுத்திய வண்டியில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. உறைந்து விரிந்தால் ரேடியேட்டர் மட்டுமன்று, எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரிக்கும் தாங்கும்.

கேள்வி: ஏற்றத்தில் முள் மேலே போனால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரைப் போடு என்கிறார் என் மாமனார். வெயிலில் வேகிறவனை மேலும் வேகவைக்கும் யோசனையாக இருக்கிறதே? - வாசகர், பெருமாள்மலை

பதில்: மாமனார் சொல்வது சரி. ஏ.சி.யின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, அதற்குப் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்குகிறது. கம்ப்ரசரும் எஞ்சினின் உழைப்பைத் தின்கிறது. ஹீட்டரோ கூலன்ட் ஓடும் இன்னொரு குட்டி ரேடியேட்டர். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். அதற்கும் முள் இறங்கவில்லை என்றால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டுங்கள்; சிவப்பைத் தொடாதவரை எஞ்சினை உடனே அணைக்காமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும்.

கேள்வி: பானெட்டின் பின்பக்கக் கீல்களுக்கு அடியில் இரண்டு வாஷர்கள் வைத்து, கண்ணாடிப் பக்கம் அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் சூடான காற்று வெளியேறிவிடும் என்று நண்பர்கள் செய்திருக்கிறார்கள். நானும் செய்யலாமா? - வாசகர், கூடலூர்

பதில்: வேண்டாம். சூடான காற்று மேலே எழும் என்பது உண்மையே. வண்டி நிற்கும்போது அந்த இடுக்கு வழியாக ஆவி போல வெளிவருவதைப் பார்த்துத்தான் நண்பர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் ஓடும் வண்டியில் முன்கண்ணாடியின் அடிப்பகுதி காற்று வந்து முட்டித் தேங்கும் இடம். அங்கே அழுத்தம் அதிகம். அதனால்தான் காருக்குள் வரும் புதுக்காற்றுக்கான துளைகளைக்கூட அங்கே வைக்கிறார்கள். நீங்கள் திறந்துவிடும் இடுக்கு வழியாக வேகத்தில் காற்று வெளியேறாமல் உள்ளே புகும். எஞ்சின் அறையில் அழுத்தம் கூடினால், முன்னாலிருந்து ரேடியேட்டர் வழியாக வர வேண்டிய காற்று தயங்கும். உள்ளே நுழைய வாசல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று போகாது. பந்தயக் கார்களில் பானெட்டில் வெட்டு வைப்பார்கள். அது கண்ணாடியை ஒட்டி இராது. பானெட்டின் முன்பகுதியில், காற்று வளைந்து விரைவதால் அழுத்தம் தாழ்ந்திருக்கும் இடத்தில் இருக்கும். வாஷர்களை எடுத்துவிடச் சொல்லுங்கள். பானெட் சரியாகப் பூட்டாமல் போகும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

கேள்வி: பூம்பாறையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றி வத்தலக்குண்டுக்கு இறக்கி, திரும்பும்போது மளிகைச் சரக்கோடு ஏறும் டீசல் பிக்கப் ஓட்டுகிறேன். ஏற்றத்தில் திடீரென விமானம் போல் ஓர் இரைச்சல் கேட்கிறது. சிறிது நேரத்தில் அடங்குகிறது. மெக்கானிக் அது ஃபேனின் சத்தம் என்றும், அதைக் கழற்றிவிட்டு மின்சார ஃபேன் வைத்தால் மைலேஜ் கூடும் என்றும் சொல்கிறார். - வாசகர், கொடைக்கானல்

பதில்: சத்தம் நோய் அன்று, வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். உங்கள் ஃபேன் எஞ்சினோடு நேரடியாகப் பிணைக்கப்படவில்லை. நடுவில் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் அடைத்த ஒரு கிளட்ச் இருக்கிறது. அதன் முகத்தில் சுருள்போல இருக்கும் இரட்டை உலோகப் பட்டை, ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து முறுக்கிக்கொள்ளும். அப்போது எண்ணெய் இடுக்குக்குள் பாய்ந்து ஃபேனை எஞ்சினோடு பற்றிக்கொள்ளச் செய்யும். நீங்கள் கேட்பது அந்தப் பிடிப்பின் இரைச்சல். காற்று குளிர்ந்ததும் எண்ணெய் திரும்பிப் போய், ஃபேன் சோம்பலாகச் சுழலத் தொடங்கும். அதாவது சமதளத்தில் அது ஏற்கெனவே உங்களுக்கு டீசலை மிச்சப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறது. கனரக லாரிகளில் ஃபேன் முழுமையாகப் பிடிக்கும்போது எஞ்சின் திறனில் 5 முதல் 10 விழுக்காடு வரை அது ஒன்றே எடுத்துக்கொள்ளும். கழற்றிவிடத் தோன்றும் ஆசைக்கு அதுதான் காரணம். ஆனால் அந்தச் செலவு தேவைப்படும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. சில நூறு வாட் மின்சார ஃபேன், பாரத்தோடு ஏறும் டீசல் எஞ்சினுக்கு அந்த நிமிடங்களில் ஈடுகொடுக்காது.

மைலேஜ்தான் கவலை என்றால் கேபினுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும் சரக்கையும், கட்டு தளர்ந்து படபடக்கும் தார்ப்பாயையும் பாருங்கள். வத்தலக்குண்டைத் தாண்டிச் சமவெளிக்கு இறங்கி 70 கி.மீ. வேகத்தில் ஓடும்போது அவை பிடித்திழுக்கும் இழுவைக்கு முன்னால், கிளட்ச் விலகிச் சும்மா சுழலும் ஃபேன் எந்த மூலைக்கு? ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூண்டு உடைந்திருந்தால் அதை மட்டும் உடனே மாற்றுங்கள். கூண்டில்லாத ஃபேன், தன் முன்னால் இருக்கும் வட்டத்தை மட்டும் குளிர்வித்து ரேடியேட்டரின் நான்கு மூலைகளையும் பட்டினி போடும்.

கேள்வி: நான் பொறியியல் மாணவன். கார்களுக்கு இவ்வளவு காற்றியக்கவியல் பார்க்கும் காலத்தில், எங்கள் ஊருக்கு வரும் அரசுப் பேருந்துகளின் முகம் மட்டும் இன்னும் சுவர் போலத் தட்டையாக, அகலக் கிரிலோடு இருப்பது ஏன்? - வாசகர், கோத்தகிரி

பதில்: மாணவர் என்பதால் கணக்காகவே தருகிறேன்; நீங்கள் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயணிகளோடு 12 டன் எடையுள்ள ஒரு பேருந்து, நூற்றுக்கு ஆறு ஏற்றத்தில் ஏறும்போது புவியீர்ப்பு அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறத்தாழ 7,000 நியூட்டன். அதன் முகப்பரப்பு 7 சதுர மீட்டர், இழுவைக் கெழு 0.65 என்று வைத்தால், 25 கி.மீ. வேகத்தில் காற்று தடுக்கும் விசை 110 நியூட்டன் அளவுதான். அறுபதில் ஒரு பங்குக்கும் குறைவு. முகத்தை மீனைப் போலச் செதுக்கினாலும் ஓட்டுநருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் அதே முகத்தில் கிரிலைக் குறைத்தால் இரண்டாம் வளைவிலேயே தெரிந்துவிடும். நம் மலைரயில் பல்சக்கரப் பாதையில் மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் ஏறுகிறது; அதன் எஞ்சின் ரயிலுக்குப் பின்னால் நின்று தள்ளுவதையும், முன்னால் போகும் பெட்டியின் முகம் தட்டைப் பலகையாக இருப்பதையும் பார்த்து யாரும் காற்றியக்கவியல் பேசுவதில்லை.

ஆனால் அதே பேருந்து கோவைச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஓடும்போது காற்றின் தடை 1,300 நியூட்டனை நெருங்கி, சக்கரங்களின் உருள்தடையைத் தாண்டிவிடும். அங்கே முன்முகத்தின் ஓரங்களை ஒரு சாண் ஆரத்துக்கு உருட்டிவிட்டாலே இழுவை கணிசமாகக் குறையும். முழு முகத்தையும் சாய்க்கத் தேவையில்லை. கூரிய விளிம்பில் காற்று பிய்ந்து விலகுவதைத் தடுத்தால் போதும். இரண்டு சாலைகளிலும் ஓட வேண்டிய பேருந்துக்கு உருண்ட ஓரமும் தாராளமான கிரிலும் என்பதே என் தீர்ப்பு. மலைக்கு மட்டுமே என்றால், உருட்டும் செலவை பிரேக்குக்குக் கொடுக்கலாம்.

கேள்வி: ஸ்கூட்டர் எஞ்சின் முழுவதும் மூடியிருக்கிறது, காற்றே படுவதில்லை. இருந்தும் பைக்கைவிட அலட்சியமாக ஏறுகிறதே? - வாசகி, வெலிங்டன்

பதில்: பைக் எஞ்சினின் தகடுகளுக்கு எதிர்காற்று வேண்டும். ஸ்கூட்டரிலோ எஞ்சின் தண்டின் முனையில் ஒரு சிறு ஃபேன் பொருத்தி, அது தள்ளும் காற்றை ஒரு கூட்டின் வழியே தகடுகளின் மீது செலுத்துகிறார்கள். வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் எஞ்சின் வேகமாகச் சுழன்றால் காற்றும் வேகமாக வரும். காற்று படட்டும் என்று யாரேனும் அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் வெந்துபோகும்.

கேள்வி: கோவையிலிருந்து மாதம் இருமுறை மின்காரில் ஊட்டிக்கு வருகிறேன். முகத்தில் கிரிலே இல்லை; சக்கரங்களுக்கும் தட்டுப் போன்ற மூடிகள். ஏற்றத்தில் சத்தமே இல்லை, ஆனால் சார்ஜ் போடும்போது முன்னால் ஃபேன் இரைகிறது. இது கோளாறா? - வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கோளாறில்லை, வடிவமைப்பாளர்களின் பழைய தலைவலி உங்கள் வண்டியில் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். முதல் பதிலில் சொன்ன அதே ஏற்றத்தில் பெட்ரோல் கார் ஏறக்குறைய 9 கிலோவாட் வெப்பத்தை ரேடியேட்டரில் கொட்டும். மின்மோட்டாரும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து வீணாக்குவது ஒரு கிலோவாட் அளவுதான். அந்த வெப்பத்துக்குப் பம்பரின் கீழே ஒரு சிறிய வாய் போதும். அந்த வாயிலும் பல வண்டிகளில் ஜன்னல் பலகைகள் போன்ற இதழ்கள் இருக்கின்றன. தேவையில்லாதபோது அவை மூடிக்கொண்டு, காற்றை வண்டியைச் சுற்றி வழுக்கிச் செல்லவிடும். இப்போது சில பெட்ரோல் கார்களிலும் இவை வந்துவிட்டன. விரைவு சார்ஜின்போது பேட்டரி சில கிலோவாட் வெப்பத்தை வெளிவிடும். அந்த நேரத்தில் வண்டி அசையாமல் நிற்பதால் எதிர்காற்று என்பதே கிடையாது. இதழ்கள் திறந்து ஃபேன் முழு வேகத்தில் சுழல்வதைத்தான் கேட்கிறீர்கள். நிற்கும் வண்டிக்கு இழுவை ஏது? ஆகவே இங்கே குளிர்விப்புக்கும் காற்றியக்கவியலுக்கும் சண்டை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது.

தீராமல் மிச்சமிருப்பது சக்கர மூடிகளில்தான். சுழலும் சக்கரத்தின் கம்பிகள் காற்றைக் கலக்குவதைத் தடுக்கவே அந்தத் தட்டையான மூடிகள்; அவை பிரேக் டிஸ்கை நோக்கிப் போகும் காற்றையும் குறைக்கின்றன. மின்கார் இறக்கத்தில் மோட்டாரையே பிரேக்காகப் பயன்படுத்தி மின்சாரத்தைத் திரும்ப ஏற்றிக்கொள்வதால் டிஸ்குக்கு வேலை குறைவு, ஆகவே மூடிவைக்கலாம் என்பது கணக்கு. இந்தக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்றுண்டு: ஊட்டி விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, நூறு விழுக்காட்டோடு காலையில் இறங்கத் தொடங்குவது. நிறைந்த பேட்டரி மேலும் ஏற்றிக்கொள்ளாது. ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள கார் மேட்டுப்பாளையம் வரை 1,900 மீட்டர் இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். உருள்தடையும் காற்றும் தின்றது போக மீதமெல்லாம், மூடிவைத்த சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் டிஸ்குகளில் சூடாக இறங்கும். மின்காரில் கியரைக் குறைத்து எஞ்சினால் வண்டியைப் பிடிக்கவும் வழியில்லை. ஊட்டியிலிருந்து புறப்படும்போது 80 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் வைக்காதீர்கள். குன்னூரில் காப்பி குடிக்க நிற்கும்போது முன்சக்கரத்தின் அருகே, தொடாமல், ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துப் பாருங்கள். அனல் அடித்தால் காப்பியை இன்னும் மெதுவாகக் குடிக்கலாம்.